புகார் சொன்னதும் கணக்கை மூடிவிட்டார்கள்... பணம் திரும்பக் கிடைக்குமா?

நுகர்வோர் பக்கம்

“நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் குடும்பம். எங்கள் தெருவில் ஆன்லைனில் ஆர்டர் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அக்கம்பக்கத்து ஏழெட்டு வீடுகளுக்கும் என் போனில்தான் சாமான் வாங்குவோம். மழைக்கு முன்பாக நண்டு வலை வேண்டும் என்று ஓர் ஆன்லைன் கடையில் நான்கு வலை ஆர்டர் போட்டேன். 5,200 ரூபாய். மகளிர் குழுவில் வாங்கிய கடன் பணம். வலைக் கண் 90 மி.மீ. என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. வந்த வலையில் 50 மி.மீ. கூட இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுக்க வரவேண்டியவர் ஊருக்குள் வராமலேயே ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று மூன்று முறை பதிந்துவிட்டார். போனில் கேட்டுச் சண்டை போட்டேன். நடந்ததை அந்த வலைக்குக் கீழே கருத்தாகவும் எழுதினேன். நான்காம் நாள், ‘எங்கள் விதிமுறைகளின்படி உங்கள் கணக்கு மூடப்பட்டது’ என்று ஒரு மெயில் வந்தது. இப்போது உள்ளேயே போக முடியவில்லை. பில், ஆர்டர் நம்பர் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. முன்பு திருப்பிக் கொடுத்த ஒரு ஹெட்லைட்டுக்கான 740 ரூபாயும் அந்தக் கடையின் வாலட்டில் கிடக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், ‘இந்த எண்ணில் கணக்கே இல்லை’ என்கிறார்கள். புகார் சொன்னது என் தப்பா? பணம் கிடைக்குமா? என்னை நம்பியிருக்கும் வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம்.

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புகார் சொன்னது உங்கள் தப்பு இல்லை. சொன்ன அளவு ஒன்று, வந்த அளவு வேறு என்றால் அதைச் சொல்வது வாங்கியவரின் உரிமை.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ‘இனிமேல் உங்களுக்கு விற்க மாட்டோம்’ என்பது ஒன்று. ‘ஏற்கெனவே விற்றதற்கும் பொறுப்பில்லை’ என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்ல ஒரு கடைக்கு ஓரளவு இடம் இருக்கலாம். இரண்டாவதைச் சொல்ல எந்தக் கடைக்கும் இடம் இல்லை. கடைக்காரர் கதவைச் சாத்தலாம். ஆனால், கதவைச் சாத்தியதால் கொடுக்க வேண்டிய பாக்கி தீர்ந்துவிடாது. உங்கள் 5,200 ரூபாயும் 740 ரூபாயும் அப்படிப்பட்ட பாக்கிதான்.

கணக்கை ஏன் மூடுகிறார்கள்?

பெரிய ஆன்லைன் கடைகளில் இந்த முடிவைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கணக்குதான் தொடங்கி வைக்கிறது. ஒரு வாடிக்கையாளர் எத்தனை வாங்கினார், எத்தனை திருப்பினார், எத்தனை முறை பணம் கேட்டார் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. நல்ல பொருளை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் செங்கல்லை வைத்துத் திருப்புபவர்களைத் தடுக்கக் கடைக்கும் வழி வேண்டும்தான். ஆனால், அந்த வலையில் நேர்மையானவர்களும் சிக்கிவிடுகிறார்கள்.

2016-ம் ஆண்டு பிரிட்டனில் ஒருவர் அமேசானில் வாங்கிய 343 பொருள்களில் 37-ஐத் திருப்பி அனுப்பினார் என்பதற்காக அவருடைய கணக்கு மூடப்பட்டது. ‘தி கார்டியன்’ நாளிதழ் இதை வெளியிட்டபோது அங்கே பெரிய பேச்சானது. எத்தனை திரும்பி வந்தன என்பது கணக்கில் தெரியும். ஏன் திரும்பி வந்தன என்பதை யாராவது உட்கார்ந்து படித்தால்தான் தெரியும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எட்டு வீட்டுச் சாமான் உங்கள் ஒரே போனில் வந்தது. எட்டு வீட்டில் ஆளுக்கு ஒன்று திருப்பினாலும், அந்தக் கம்ப்யூட்டருக்கு அது ஒரே பெண் எட்டு முறை திருப்பியதாகத்தான் தெரியும். கூடவே, மூன்று முறை ‘வீட்டில் இல்லை’ என்ற பொய்யும் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறது. உங்கள் கணக்கு மூடப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால், நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் இந்த விவரத்தைக் கட்டாயம் சேருங்கள்.

புகார் சொன்னதற்காகவே தண்டிப்பதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தம்பதி 2008-ல் ‘கிளியர்கியர்’ என்ற ஆன்லைன் கடையில் சிறிய பரிசுப் பொருள்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பொருள் வந்து சேரவில்லை. அந்த அம்மா அதைப் பற்றி இணையத்தில் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து 2012-ல், ‘எங்களைப் பற்றித் தவறாக எழுதக் கூடாது என்பது விதிமுறை, 3,500 டாலர் அபராதம் கட்டு’ என்று கடை மிரட்டியது. கட்டாததால், கடன் பாக்கி வைத்தவர்கள் என்று கடன் தகுதி நிறுவனத்திலும் பதிந்துவிட்டது. தம்பதி வழக்குப் போட்டார்கள். கடைத் தரப்பில் யாரும் வந்து வாதாடவில்லை. 2014-ல் நீதிமன்றம் தம்பதிக்கு 3,06,750 டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில், வாடிக்கையாளர் கருத்துச் சொல்வதைத் தடுக்கும் இப்படிப்பட்ட ஒப்பந்த விதிகள் செல்லாது என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது.

விதிமுறை என்று எதை எழுதி வைத்தாலும் அது வேதவாக்கு ஆகிவிடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது.

தொழிலுக்கு வாங்கிய வலை... நீங்கள் நுகர்வோரா?

கடைத் தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கும் பிடி இதுவாகத்தான் இருக்கும். ‘வலை என்பது தொழில் சாமான். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்’ என்பார். பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-ல் இதற்குப் பதில் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்துக்கு வாங்கியதாகக் கருதப்படாது. ஏரியில் தானே வலை விட்டுக் குடும்பம் நடத்தும் மீனவரும், சொந்த நிலத்துக்குத் தெளிப்பான் வாங்கும் சிறு விவசாயியும் நுகர்வோர்தான். வாங்கி விற்று லாபம் பார்ப்பவர்தான் இதில் வரமாட்டார்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பணம் கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆகவே, உங்கள் போனில் சாமான் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. நீங்கள் கமிஷன் வைத்து விற்கவில்லை, உதவிக்காக ஆர்டர் போட்டீர்கள் என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். ஆன்லைனில் வாங்குவதும் கடையில் வாங்குவதும் சட்டத்தின் முன் ஒன்றுதான் என்பதும் அங்கேயே இருக்கிறது.

கடைக்கு என்ன கடமை?

2020 ஜூலையில் மத்திய அரசு, நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைக் கொண்டுவந்தது. அதில் உங்களுக்கு வேண்டியவை இவை.

* ஒவ்வோர் ஆன்லைன் கடையும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் பெயர், தொடர்பு விவரம், நிறுவனத்தின் முகவரி எல்லாவற்றையும் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும்.

* புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். புகார் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

* பல வியாபாரிகள் விற்கும் சந்தை போன்ற தளமாக இருந்தால், ஒவ்வொரு புகாருக்கும் ஒரு புகார் எண் தர வேண்டும். வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால், விற்ற வியாபாரியின் முகவரி உள்ளிட்ட விவரங்களையும் தர வேண்டும்.

* விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றோ, பணம் தர மாட்டேன் என்றோ வியாபாரி மறுக்கக் கூடாது. 90 மி.மீ. என்று சொல்லி 50 அனுப்பியது இதில்தான் வரும்.

* ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது. அவர்களுடைய சட்ட உரிமையைப் பாதிக்கும்படி மனம்போன போக்கில் பிரித்து நடத்தவும் கூடாது.

2019 சட்டத்தின் பிரிவு 2(47), குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்றே சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் தர வேண்டும். கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். பில் தராமல் இருப்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது.

‘நாங்கள் எப்போது வேண்டுமானாலும் கணக்கை மூடலாம் என்ற விதிமுறைக்கு நீங்கள் சம்மதித்தீர்கள்’ என்று கடை சொல்லலாம். தக்க காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று எழுதுவதை ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்கிறது பிரிவு 2(46). ஆனால், அந்த விதிமுறையே செல்லாது என்று கேட்க மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அது நீண்ட வழி. பணத்தைக் கேட்க மாவட்ட ஆணையமே போதும். உங்களுக்கு இப்போது வேண்டியது பணம். அதைப் பிடியுங்கள்.

முதல் வேலை: காகிதங்களைச் சேருங்கள்

பில் உள்ளே மாட்டிக்கொண்டது என்று கலங்க வேண்டாம். அந்தக் கொள்முதலின் தடயம் வேறு பல இடங்களில் இருக்கிறது.

1. பணம் போன தடயம். உங்கள் யு.பி.ஐ. செயலியில் பழைய பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து வாருங்கள். கடையால் அதை மூட முடியாது.

2. ஆர்டர் போட்டபோது வந்த எஸ்.எம்.எஸ்., மெயில். ஆர்டர் எண் பெரும்பாலும் அதில் இருக்கும். ‘கணக்கு மூடப்பட்டது’ என்று வந்த மெயில்தான் முக்கியமான ஆவணம். அதை அழிக்காதீர்கள். பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பார்சல் உறை. அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் அனுப்பியவர் பெயர், முகவரி, பார்சல் எண் இருக்கும். உறையைக் கிழித்துப் போட்டிருந்தால், குப்பையிலிருந்தாவது எடுத்து வையுங்கள்.

4. வலை. அதில் மிதவையும் ஈயக் குண்டும் கோக்க வேண்டாம். தண்ணீரில் விட வேண்டாம். ஒரு ஸ்கேலைக் கண்ணின் மேல் வைத்து, எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். சீசன் போகிறதே என்று அந்த வலையைக் கட்டிப் பயன்படுத்திவிட்டால், வழக்கு பாதி போச்சு.

5. ‘வீட்டில் இல்லை’ என்று வந்த மூன்று எஸ்.எம்.எஸ். அந்த நாள்களில் நீங்கள் வீட்டில் இருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டார் இருவர், தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தரட்டும்.

போனை இப்போதைக்கு மாற்றவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம்.

அடுத்தது: கடிதம்

போனில் பேசியதெல்லாம் போதும். இனி எழுத்துதான். தளத்தின் கீழ்ப்பகுதியில் குறைதீர்ப்பு அலுவலரின் மெயிலும் முகவரியும் இருக்கும். உங்கள் கணக்கு இல்லாமலேயே வேறு யாருடைய போனிலும் அதைப் பார்க்கலாம். மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ரசீது பத்திரம். கடிதம் இப்படி இருந்தால் போதும்.

‘குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு. நான் .... தேதியில், .... ஆர்டர் எண்ணில், 4 நண்டு வலைகளை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். யு.பி.ஐ. எண் .... வலைக் கண் 90 மி.மீ. என விளம்பரம் செய்தீர்கள். வந்தது 50 மி.மீ.க்கும் குறைவு. போட்டோ இணைத்துள்ளேன். திரும்ப எடுக்க .... தேதிகளில் யாரும் வரவில்லை. புகார் செய்த பிறகு .... தேதியில் என் கணக்கை மூடிவிட்டீர்கள். என் கணக்கில் 740 ரூபாய் இருப்பு உள்ளது. அண்டை வீட்டாருக்கும் இதே எண்ணில் உதவிக்காக ஆர்டர் செய்திருக்கிறேன். லாபத்துக்கு விற்கவில்லை. நான் கேட்பது: (1) வலையை எடுத்துக்கொண்டு 5,200 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். (2) 740 ரூபாயையும் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். (3) என் ஆர்டர்கள் அனைத்தின் பில் நகல்களை அனுப்புங்கள். (4) விற்ற வியாபாரியின் பெயர், முகவரியைத் தெரிவியுங்கள். (5) கணக்கை மூடியதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். மின்வணிக விதிகள் 2020-ன்படி ஒரு மாதத்துக்குள் தீர்வு எதிர்பார்க்கிறேன்.’

கோபத்தில் ஒரு வார்த்தைகூட சேர்க்காதீர்கள். இந்தக் கடிதத்தை நாளை ஆணையத்தில் படிப்பார்கள். ‘என் கணக்கைத் திறந்துவிடு’ என்பதை முதல் கோரிக்கையாக வைக்கவில்லை, கவனித்தீர்களா? அதைக் கேட்டால் பேச்சு அங்கேயே சுற்றும். பணமும் பில்லும் வந்துவிட்டால், அந்தக் கடை நமக்கு வேண்டுமா என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

1915-ல் தொடங்கி திருவள்ளூர் வரை

கடிதம் போட்ட கையோடு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். உங்கள் புகாரைப் பதிந்து எண் தருவார்கள். நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அவர்கள் நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. ஆனாலும், தனி ஆளுக்குக் கதவைத் திறக்காத பல கடைகள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லிவிடும்.

ஒரு மாதம் ஆகியும் நடக்கவில்லையா? திருவள்ளூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் அடுத்த இடம். கடையின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கட்டும், டெல்லியில் இருக்கட்டும். 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வீடியோ வழியாக விசாரணைக்கு வர அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தினமும் ஏரிக்குப் போகிற குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

கடைக்கு நோட்டீஸ் போனால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் வரை ஆணையம் அனுமதிக்கலாம். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவையுள்ளதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக இழுக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். பணத்தை வட்டியோடு திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் தரவும், நேர்மையற்ற நடைமுறையை நிறுத்தவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எழுதத் துணை வேண்டுமென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது செய்யக் கூடாதவை

கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்குப் பேசாதீர்கள். கணக்கு மூடப்பட்டுத் தவிப்பவர்களைத்தான் மோசடிக்காரர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். ‘ரீஃபண்ட் தருகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள், யு.பி.ஐ. பின் போடுங்கள்’ என்றால் உடனே போனை வையுங்கள். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால், நேரம் கடத்தாமல் 1930-க்குப் பேசுங்கள்.

மகள் போனிலோ, மைத்துனர் போனிலோ அதே முகவரிக்குப் புதுக் கணக்குத் தொடங்க வேண்டாம். முகவரியை வைத்து அதையும் மூட வாய்ப்பு உண்டு. வழக்கில் உங்கள் மேலேயே பழி திரும்பவும் இடமாகும்.

தவணையில் வாங்கிய பொருள் எதுவும் இருந்தால், கடையோடு சண்டை என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனமாக இருக்கும். நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும். அவர்களுக்கும் புகாரின் நகலை அனுப்புங்கள்.

அடுத்த முறைக்கு...

இந்தக் கடை இல்லாவிட்டாலும், நாளை வேறு கடையில் வாங்கத்தான் போகிறோம். காசிமேட்டுக் கடையில் வலை வாங்கினால் கண்ணில் விரலை விட்டுப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே கேட்கலாம். ஆனால், போக வர ஒரு நாள் பிழைப்பு போய்விடும். ஆன்லைனில் அந்த நாள் மிச்சம். அந்த மிச்சத்தில் அரை மணி நேரத்தை மட்டும் பாதுகாப்புக்கு ஒதுக்குங்கள்.

* ஆர்டர் போட்டவுடன் பொருளின் பக்கம், அளவு, விலை, ஆர்டர் எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பில்லை அன்றே இறக்கி வையுங்கள்.

* பார்சலைப் பிரிக்கும்போது, உறைச் சீட்டிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்.

* ரீஃபண்ட் வரும்போது ‘வாலட்டா, வங்கியா’ என்று கேட்டால் வங்கியையே தேர்ந்தெடுங்கள். வாலட்டில் போட்ட பணம் அவர்கள் கல்லாவில் கிடக்கும் பணம்.

* எட்டு வீட்டுக்கும் ஒரே எண் வேண்டாம். நீங்களே சொல்லிக் கொடுங்கள், ஒவ்வொரு வீடும் தன் எண்ணில் வாங்கட்டும்.

* ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, தேதி, கடை, ஆர்டர் எண், தொகை, யார் வீட்டுக்கு என்று எழுதி வையுங்கள். கணக்கு அவர்கள் தளத்தில் மட்டும் இருந்தால், அவர்கள் மூடியதும் நமக்குக் கணக்கே இல்லாமல் போகிறது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

உங்கள் ஏரியில் ‘பாடு’ முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துத் தீர்மானிக்கும் பழைய வழக்கம். அதிலும் குறைகள் இருக்கலாம். ஆனால், தகராறு என்று வந்தால் இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி, ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். உங்கள் கணக்கை மூடியவர்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதைக் கேட்கிற இடம்தான் திருவள்ளூரில் இருக்கிறது.

கடைசியாக, உங்களை நம்பியிருக்கும் வீடுகளுக்கு என்ன பதில் என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை மறைக்காமல் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். கடிதத்தின் நகலையும் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் காட்டுங்கள். ‘வீட்டில்தான் இருந்தாள்’ என்று கையெழுத்துப் போட வேண்டியவர்களும் அவர்கள்தானே. குழுக் கடன் தவணைக்கு ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கடையிடமிருந்து என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள். இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு அது வழிகாட்டும்.